இரண்டாம் வகுப்பு மகளுக்குப் பருவ மாற்றம்: காத்திருக்கலாமா, சிகிச்சை தொடங்கலாமா?

பல்லடத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதிய ஆறு பக்கக் கடிதத்துக்கான பதில் இது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு இப்போது 7 வயது 5 மாதம். இரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கடந்த தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியபோது இடது மார்புக் காம்பின் அடியில் சுண்டைக்காய் அளவில் ஏதோ உருளுவதைத் தாய் கவனித்திருக்கிறார். கை பட்டதும் குழந்தை "வலிக்குதும்மா" என்று விலகியிருக்கிறாள். பதறிப்போய்க் காட்டிய முதல் மருத்துவர் கட்டியை அறுத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம் என்றார். குடும்ப மருத்துவரோ, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே சீக்கிரம்தான்" என்று அனுப்பிவிட்டார். இரண்டு மாதத்தில் வலது பக்கமும் அதேபோல் தெரிந்தது. பிறகு வியர்வையில் பெரியவர்களுக்கு உரிய வாடை, நெற்றியில் பருக்கள், ஒரே ஆண்டில் 9 சென்டிமீட்டர் வளர்ச்சி. மூன்றாவதாகப் பார்த்த குழந்தைகள் நல மருத்துவர் கை எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு வயது 10" (எலும்புகள் பத்து வயதுக்கு உரிய முதிர்ச்சியில் உள்ளன) என்று எழுதி, ரத்தப் பரிசோதனைக்கும் கோவையில் உள்ள சிறப்பு மருத்துவருக்கும் சீட்டு கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டு ஆறு வாரங்களாகப் பீரோவில் இருக்கிறது.

காரணம் வீட்டில் எழுந்த சச்சரவு. கணவர் ஒப்பந்த முறையில் கறிக்கோழிப் பண்ணை நடத்துகிறார். கோழிக்கறிதான் காரணம் என்று மாமியார் ஒருநாளும், "உன் வீட்டு வழி இது" என்று மறுநாளும் சொல்கிறார். கறி, முட்டை, பால், எள், பப்பாளி எல்லாம் குழந்தைக்கு நிறுத்தப்பட்டுவிட்டன. பருவமாற்றத்தைத் தள்ளிவைக்கும் ஊசியைப் பற்றி இணையத்தில் தேடிய நாத்தனார், அது புற்றுநோய் ஊசி என்றும், போட்டால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்றும் சொல்லியிருக்கிறார். மகள் நல்ல வளர்த்தியாக இருப்பதில் கணவருக்குப் பெருமை. இவற்றுக்கு நடுவே குழந்தை ஒருநாள் "எனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்க, "ஒண்ணுமில்ல, யார்கிட்டயும் சொல்லாதே" என்று பதில் சொன்னதாகவும், அன்று முழுக்க அழுததாகவும் அந்தத் தாய் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு நல்ல செய்தி. அறுத்தெடுக்கலாம் என்று சொன்ன இடத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தீர்களே, இந்த ஆறு மாதத்தில் நீங்கள் செய்தவற்றிலேயே மிகச் சரியான காரியம் அதுதான். காம்பின் நேர் அடியில், தொட்டால் வலிக்கும்படி, வட்டமாக உருளும் அந்தத் திரட்சி பெரும்பாலும் மார்பக மொட்டு. பிற்காலத்தில் முழு மார்பகமாக வளர வேண்டிய திசு அனைத்தும் அந்தச் சுண்டைக்காய்க்குள்தான் இருக்கிறது. அதை அறுத்து எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்து மார்பகம் என்றென்றைக்கும் வளராமலே போய்விடும். ஒரு பக்கம் முதலிலும் மறுபக்கம் சில மாதங்கள் கழித்தும் தோன்றுவது மிகச் சாதாரணம். இந்த வயதில் மார்பகப் புற்றுநோய் அநேகமாக இல்லையென்றே சொல்லிவிடலாம். இதைப் படிக்கும் மற்ற பெற்றோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சிறுமியின் காம்புக்கு அடியிலுள்ள திரட்சியில் கத்தி வைப்பதற்கு முன்பு, குழந்தைகளின் வளர்ச்சியை அறிந்த ஒரு மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

குடும்ப மருத்துவர் சொன்னதில் பாதி உண்மை

பெண் குழந்தைகள் முன்பைவிடச் சீக்கிரம் பருவமாற்றத்தைத் தொடங்குகிறார்கள் என்பது உண்மைதான். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1991இல் மார்பக வளர்ச்சி தொடங்கும் சராசரி வயது 10.88ஆக இருந்தது; 2006இல் அது 9.86 ஆகிவிட்டது. பதினைந்தே ஆண்டுகளில் ஓர் ஆண்டு முன்னேறியிருக்கிறது. ஆனால் அதே ஆய்வில் முதல் மாதவிடாயின் சராசரி வயது 13.42இலிருந்து 13.13ஆகத்தான் குறைந்தது, அதாவது மூன்று நான்கு மாதங்கள். தொடக்கம் முன்னால் நகர்ந்த அளவுக்கு முடிவு நகரவில்லை. ஒன்பது, பத்து வயதில் மொட்டுத் தெரியும் சிறுமியைப் பற்றி "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று சொல்லித் தாயைத் தேற்றி அனுப்பலாம். ஏழு வயதுக் குழந்தையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. பெண் குழந்தைக்கு 8 வயது முடிவதற்கு முன்பும், ஆண் குழந்தைக்கு 9 வயது முடிவதற்கு முன்பும் பருவமாற்றத்தின் அறிகுறிகள் தோன்றினால் பரிசோதிக்க வேண்டும் என்பது மருத்துவத்தில் வெகுகாலமாக இருந்துவரும் எல்லைக்கோடு.

அந்தக் கோட்டுக்கு முன்னால் தெரிகிற எல்லாமும் ஒரே வகை அல்ல. இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு மார்பு மட்டும் சற்றுப் புடைத்து, வேறெதுவும் மாறாமல் அப்படியே நின்றுவிடுவதுண்டு. பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆறு, ஏழு வயதில் வியர்வை வாடையும் சில ரோமங்களும் மட்டும் தோன்றுவதுண்டு. அது சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் வேலை, பொதுவாகத் தீங்கில்லை. பருமனான குழந்தைகளுக்கு மார்பில் வெறும் கொழுப்பு சேர்ந்து மொட்டுப்போல் தெரிவதும் உண்டு. விரலால் தொட்டுப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். நாங்கள் முதலில் பார்ப்பது வேகத்தைத்தான். உங்கள் மகளுக்கு மார்பு இரண்டு பக்கமும் வளர்கிறது, உயரம் ஆண்டுக்கு 9 சென்டிமீட்டர் பாய்கிறது (இந்த வயதில் 5 அல்லது 6 சென்டிமீட்டர்தான் இயல்பு), எலும்பு வயது இரண்டரை ஆண்டு முந்தி ஓடுகிறது. மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்வது முறையல்ல. ஆனாலும் இது தானே அடங்கிவிடும் வகை அல்ல என்று கருதியே அடுத்த அடியை வைக்க வேண்டும்.

கோழிக்கறியும் உங்கள் கணவரும்

உங்கள் கடிதத்தில் அதிக வேதனை தெரிந்த இடம் இதுதான்: "எங்களுக்குச் சோறு போடுகிற தொழிலே என் பிள்ளையைக் கெடுத்துவிட்டதா?" இல்லை, சகோதரி.

உங்கள் கணவரையே பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். ஒரு தொகுப்புக்கு ஐயாயிரம் குஞ்சு இறக்குகிறவர் அவர். வெள்ளைக்கழிச்சல் தடுப்புமருந்தைக் கண்ணில் சொட்டாக விடுவதும், கம்போரோ தடுப்புமருந்தைக் குடிநீரில் கலப்பதும் அவருக்குத் தெரியும். கோழிக்கு வளர்ச்சி ஹார்மோன் கொடுக்கிறார்கள் என்பதுதான் ஊரில் உலவும் பேச்சு. ஆனால் அந்த ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிற்றிலேயே செரித்துப்போகும். வேலை செய்ய வேண்டுமானால் ஐயாயிரம் கோழிகளையும் திரும்பத் திரும்பப் பிடித்து ஊசி போட வேண்டும். ஆறு வாரத்தில் எடைக்குப் போகும் கோழிக்கு அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் கட்டாது. கறிக்கோழி இவ்வளவு வேகமாக எடை போடுவதற்குக் காரணம், பல பத்தாண்டுகளாக வேகமாக வளரும் கோழிகளையே தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்ததும், அதற்கேற்ற தீவனமும்தான். பண்ணைகளில் ஆன்டிபயாடிக் மருந்துகளை வரைமுறையின்றிப் பயன்படுத்துவது பற்றி எனக்குக் கடுமையான குறை உண்டு. அது கிருமிகளுக்கு மருந்து கேட்காமல் போகும் பிரச்சினை. உங்கள் மகளின் மார்பக மொட்டுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

எள், வெல்லம், பப்பாளி, பால் ஆகியவற்றின் மீது சொல்லப்படும் "சூடு" குற்றச்சாட்டுக்கும் ஆதாரம் இல்லை. மாறாக, வளரும் குழந்தைக்கு முட்டையையும் பாலையும் ஒரே நேரத்தில் நிறுத்தியது உண்மையான தீங்கு. நாளைக் காலையே முட்டையைத் திரும்பத் தொடங்குங்கள். சிகிச்சை தொடங்கும் நிலை வந்தால் எலும்புக்குக் கால்சியம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

அப்படியானால் காரணம்தான் என்ன? பெண் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்குத் தனியாக ஒரு நோய் எதுவும் கிடைப்பதில்லை. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி, குழந்தைப் பருவம் முழுவதும் அடக்கிவைத்திருந்த ஒரு சமிக்ஞையைக் காலத்துக்கு முன்பே அனுப்பத் தொடங்கிவிடுகிறது. பிட்யூட்டரி சுரப்பி விழித்துக்கொள்கிறது. சூலகம் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அதிக உடல் எடை ஒரு தூண்டுகோல் என்பது பெண் குழந்தைகளில் தெளிவாகத் தெரிகிறது. கொரோனா ஊரடங்குக் காலத்தில் இத்தாலியிலும் நம் புனேயிலும் இந்தப் பிரச்சினையோடு வந்த சிறுமிகளின் எண்ணிக்கை கூடியதை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எடை, ஓட்டம் ஆட்டம் இல்லாமை, மன அழுத்தம் எனப் பலவற்றைச் சந்தேகிக்கிறார்கள். இந்தியாவிலிருந்து சுவீடனுக்குத் தத்துப்போன சிறுமிகளைப் பற்றி 1991இல் வெளிவந்த ஆய்வில், அவர்களுடைய முதல் மாதவிடாயின் இடைநிலை வயது 11.6 என்று கண்டார்கள். போதிய உணவில்லாத தொடக்கத்துக்குப் பிறகு திடீரென்று உடல் தேறுவதும் இந்தக் கடிகாரத்தை முடுக்கிவிடலாம் என்ற கருத்து அதிலிருந்து வலுப்பெற்றது.

"உன் வீட்டு வழி" என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் பதினோரு வயதில் பெரியவளானதை உங்கள் மாமியார் சுட்டிக்காட்டுகிறார். பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது சரி. ஆனால் 2013இல் கண்டறியப்பட்ட எம்.கே.ஆர்.என்.3 என்னும் மரபணுக் குறைபாடு, பரம்பரையாக வரும் காரணங்களில் முக்கியமானது. அது தந்தை வழியாக வந்தால் மட்டுமே பிள்ளையைப் பாதிக்கும். இதை மாமியாரோடு வாதாடுவதற்கான ஆயுதமாகத் தரவில்லை. கோவை மருத்துவர் குடும்ப வரலாறு கேட்கும்போது உங்கள் கணவருக்கு எந்த வயதில் குரல் உடைந்தது, எந்த வகுப்பில் மீசை அரும்பியது என்று அவரிடமும் விசாரிப்பார். ஆகவே அவரும் உடன் வர வேண்டும்.

இன்னொன்றையும் வீட்டில் தேடிப் பாருங்கள். பெரியவர்கள் யாராவது ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பைப் பயன்படுத்துகிறார்களா? மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அத்தகைய களிம்பு எழுதித் தரப்படுவதுண்டு. பாட்டியின் கையிலிருந்தோ, பகிர்ந்துகொள்ளும் துண்டிலிருந்தோ குழந்தையின் தோலுக்குச் சென்றாலே போதும். பெயர் தெரியாத அழகுக் களிம்புகள், முடி வளரும் என்று விற்கப்படும் எண்ணெய்கள் இருந்தால் அவற்றின் டப்பாக்களையும் எடுத்துச் செல்லுங்கள்.

"நல்ல வளர்த்தி" என்ற பெருமை

உங்கள் கணவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். எலும்புகளின் முனையில் மென்மையான வளர்ச்சித் தகடு இருக்கிறது; உயரம் அங்கிருந்துதான் கிடைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் முதலில் அந்தத் தகட்டை வேகமாக வளர வைக்கிறது, பிறகு அதை மூடிவிடுகிறது. வகுப்பில் இன்று கடைசி வரிசையில் நிற்கும் குழந்தை, எட்டாம் வகுப்பில் முதல் வரிசைக்கு வந்துவிடுவது இப்படித்தான்.

நீங்கள் எழுதிய அளவுகளை வைத்துப் பார்க்கிறேன். கணவரின் உயரம் 168, உங்களுடையது 152. இரண்டையும் கூட்டி, 13ஐக் கழித்து, பாதியாக்கினால் 153.5 வருகிறது, பரம்பரைப்படி மகள் எட்டக்கூடிய உயரம் ஏறக்குறைய அது. இப்போது அவள் 126 சென்டிமீட்டர், வயதுக்கு அதிகம்தான். ஆனால் எலும்பு வயது 10ஐத் தொட்ட ஒரு பெண் குழந்தை தன் இறுதி உயரத்தில் ஏறக்குறைய 85 விழுக்காட்டை ஏற்கெனவே எட்டியிருப்பாள். அந்த வீதத்தில் கணக்கிட்டால் 148இல் வந்து நிற்கிறது. இந்தக் கணக்கு முன்னே பின்னே போகக்கூடியது; இடது கை எக்ஸ்ரேயைப் படிக்கும் மருத்துவருக்கு மருத்துவர் ஆறு மாதம் மாறும். ஆறு மாதம் கழித்து மறுபடியும் எடுத்துப் பார்க்கும்போதுதான் உறுதிப்படும். இருந்தாலும், சீட்டு பீரோவில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தத் தகடு மூடிக்கொண்டே வருகிறது என்பதை உங்கள் கணவர் புரிந்துகொள்ள வேண்டும்.

செய்ய வேண்டிய சோதனைகள்

ரத்தப் பரிசோதனையில் முக்கியமானது, பிட்யூட்டரி சுரக்கும் எல்.எச். என்னும் ஹார்மோன். நுண்ணிய முறையில் அளக்கும் ஆய்வகத்தில், காலையில் எடுத்த ரத்தத்தில், லிட்டருக்கு 0.3 அலகுக்கு மேல் இருந்தால் மூளையிலிருந்துதான் தூண்டல் வருகிறது என்று சந்தேகம் வலுக்கும். அதற்குக் கீழே இருந்தால் ஒன்றுமில்லை என்று முடிவு கட்ட முடியாது. ஓர் ஊசி போட்டு, இடைவெளி விட்டுச் சில முறை ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் 5 அலகைத் தாண்டினால் ஐயம் தீர்ந்தது. கூடவே தைராய்டையும் பார்ப்பார்கள். தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்த சில குழந்தைகளுக்கும் மார்பு வளர்வதுண்டு, அவர்களுக்குத் தைராய்டு மாத்திரையே போதும்.

ஸ்கேன் என்றவுடன் நீங்கள் பயந்திருக்கிறீர்கள். கருப்பை, சூலகங்களைப் பார்க்கும் அந்த ஸ்கேன், நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து, அடிவயிற்றின் மேல் ஜெல் தடவிப் பார்ப்பது மட்டுமே. உள்ளே எதையும் செலுத்தமாட்டார்கள். பரிசோதனை முழுவதிலும் நீங்கள் குழந்தையின் பக்கத்தில் இருக்கலாம், பெண் மருத்துவரோ செவிலியரோ உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம், எல்லா அறிக்கைகளின் பிரதிகளையும் வாங்கிக்கொள்ளலாம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பது பற்றி மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆறு வயதுக்குள் தொடங்கிய சிறுமிகளுக்குக் கட்டாயம் எடுக்கிறோம். ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் சிலர் எல்லோருக்கும் எடுப்பார்கள், சிலர் அறிகுறி பார்த்து எடுப்பார்கள். உங்கள் மகளுக்கு ஏழு வயதைத் தொட்டவுடனேயே மொட்டுத் தெரிந்திருக்கிறது, வேகமும் அதிகம். நானாக இருந்தால் எடுத்துவிடுவேன். அதில் கதிர்வீச்சு இல்லை. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு இருந்தால் காத்திருக்கவே கூடாது. கேட்க விசித்திரமாக இருக்கும் ஒரு கேள்வியையும் கேட்பார்கள்: காரணமே இல்லாமல், சந்தோஷமும் இல்லாமல், திடீரென்று சிரித்துவிட்டுச் சட்டென நிறுத்துகிறாளா? ஹைப்போதலாமஸில் உருவாகும் ஒருவகைத் திசுத் திரட்சி அப்படிச் சிரிக்கும் வலிப்பாக வெளிப்படும். வீட்டில் அதைக் குறும்பு என்று நினைத்துவிடுவார்கள்.

உங்கள் நான்கு வயது மகனைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அவனுக்கு இப்போது எந்தச் சோதனையும் தேவையில்லை. ஆனால் ஒன்பது வயதுக்குள் குரல் மாறினாலோ ரோமம் தோன்றினாலோ உடனே காட்ட வேண்டும். ஆண் குழந்தைகளிடம் இது அரிது, வந்தால் உள்ளே ஒரு நோய் ஒளிந்திருக்கும் வாய்ப்பு பெண் குழந்தைகளைவிடப் பலமடங்கு அதிகம். மீசை அரும்புகிறது என்று மெச்சிக்கொண்டே காலத்தைக் கடத்திவிடுகிறோம்.

ஊசி போடுவதா, விட்டுவிடுவதா?

நாத்தனார் இணையத்தில் பார்த்தது பொய்யல்ல. லியூப்ரோலைடு, டிரிப்டோரெலின் ஆகிய மருந்துகள் ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் பெண்களின் கருப்பைக் கோளாறுகள் சிலவற்றுக்கும் தரப்படுகின்றன. பாலின ஹார்மோன் சுரப்பை நிறுத்தி வைப்பது அவற்றின் வேலை; அந்த நிறுத்தம் எந்தெந்த நோய்க்குப் பயன்படுமோ அங்கெல்லாம் அவை போகின்றன. புற்றுச் செல்களைக் கொல்லும் கீமோதெரபி மருந்து அல்ல. குழந்தைகளின் முந்திய பருவமாற்றத்துக்கு 1980களின் தொடக்கத்திலிருந்தே இந்த வகை மருந்து பயன்படுகிறது. அன்று சிகிச்சை பெற்ற சிறுமிகள் இன்று நாற்பதைக் கடந்தவர்கள்; பிள்ளை பெறும் திறனை இது கெடுக்கவில்லை என்பது அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில் தெரிகிறது. ஊசியை நிறுத்தியபின், பொதுவாக ஓர் ஆண்டு ஒன்றரை ஆண்டுக்குள் மாதவிடாய் தன் வழியில் வந்துவிடும்.

மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ, ஏறக்குறைய 11 வயது வரை போடுவது வழக்கம். தேதி தவறக் கூடாது. தவறினால் அடங்கியிருந்தது மறுபடி கிளம்பும். போட்ட இடத்தில் வலி, சில சமயம் வீக்கம், தலைவலி வரலாம். எலும்பின் அடர்த்தி சிகிச்சையின்போது சற்றுக் குறைந்து, நிறுத்தியபின் தேறிவிடும். ஒன்றை மட்டும் இப்போதே வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: முதல் ஊசிக்குப் பிறகு சில வாரங்களில் ஒருமுறை மட்டும் சிறிது ரத்தம் படலாம். மருந்து ஈஸ்ட்ரோஜனைச் சட்டென்று இறக்குவதால் வருவது அது. அதைப் பார்த்து "வயசுக்கு வந்துட்டா" என்று ஊருக்குச் சொல்லிவிட வேண்டாம், ஊசியையும் நிறுத்திவிட வேண்டாம்.

செலவையும் மறைக்கக் கூடாது. மாதக் கணக்கில் பார்த்தால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகலாம். முதல் சந்திப்பிலேயே மொத்தக் கணக்கைக் கேளுங்கள். கட்டுப்படாது என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவுக்குச் சென்று நாளமில்லாச் சுரப்பிப் பிரிவுக்குப் பரிந்துரை கேளுங்கள்.

எல்லாக் குழந்தைக்கும் ஊசி தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏழரை எட்டு வயதில் தொடங்கி மெதுவாகப் போகும் குழந்தைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதே சரி; அவர்களுடைய உயரம் பெரும்பாலும் பெற்றோரின் அளவை எட்டிவிடும். ஆறு வயதுக்குள் தொடங்கும் சிகிச்சையில் உயரப் பயன் அதிகம். ஆறிலிருந்து எட்டு வரை ஆளுக்கு ஆள் மாறும். எத்தனை சென்டிமீட்டர் கூடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். ஆனால் உயரம் மட்டுமே கணக்கில்லை. மொட்டுத் தோன்றியதிலிருந்து மாதவிடாய்க்கு வழக்கமாக இரண்டு, இரண்டரை ஆண்டுகள் ஆகும். வேகமாகப் போகும் குழந்தைகளுக்கு அதைவிடக் குறையும். உங்கள் மகள் மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ, தானே நாப்கின் மாற்றத் தெரியாத வயதில், அதைச் சந்திக்க நேரலாம். பரிசோதனை மூளைத் தூண்டலை உறுதிசெய்தால், நீங்கள் எழுதிய வேகத்தைப் பார்த்து, என் சாய்வு சிகிச்சையின் பக்கம்தான். "இயற்கையைத் தடுக்கலாமா?" என்று மாமியார் கேட்டால், மூன்று ஆண்டு தள்ளி வைக்கிறோம், அதன்பின் அதே இயற்கை வந்து வேலையை முடித்துக்கொள்ளும் என்று சொல்லுங்கள்.

ஊரும் சீரும்

"இப்போதே மாதவிடாய் வந்துவிட்டால் தெரட்டிச் சீர் (பூப்பு நீராட்டு விழா) செய்வதா, மறைப்பதா?" என்று கேட்டிருந்தீர்கள். தாய்மாமன் சீரும் ஓலைக் குடிசையும் உங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் அறிவேன். அந்த உறவுகளின் அன்பைக் குறைத்துப் பேச மாட்டேன். என் கருத்தைக் கேட்டதால் சொல்கிறேன்: எட்டு வயதுக் குழந்தையின் உடலில் நடந்ததைப் பதாகை கட்டித் தெருவுக்கு அறிவிக்க வேண்டாம். மாமன் புடவை எடுத்துக் கொடுக்கட்டும், பாட்டி உளுந்தங்களி கிண்டித் தரட்டும், வீட்டோடு இருக்கட்டும். அவள் பள்ளிக்கும் போகட்டும், சைக்கிளும் ஓட்டட்டும். மாதவிடாய் வந்துவிட்டதாலோ மார்பு வளர்ந்ததாலோ அவளுடைய மனம் ஒருநாள் கூட மூப்படைவதில்லை. பார்க்கிறவர்கள்தான், ஆசிரியர்கள் உட்பட, பத்து வயதுக்காரியின் பொறுப்பை ஏழு வயதுக்காரியிடம் எதிர்பார்த்து ஏமாந்து கோபிக்கிறார்கள். பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியை ஒருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். இறுக்கமான உள்ளாடை போட்டு அழுத்தி மறைப்பதை நிறுத்திவிட்டு, மெல்லிய பருத்தி ஷிம்மி வாங்கிக் கொடுங்கள்.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்று சொன்னதற்காக அழுதீர்கள். அந்தச் சொல்லைத்தான் முதலில் மாற்ற வேண்டும், இந்த வாரமே. குழந்தையின் உடல் ஒரு ரகசியம் என்று நாம் கற்றுக்கொடுத்துவிட்டால், தவறான எண்ணத்தோடு நெருங்குகிறவன் சொல்லும் "யார்கிட்டயும் சொல்லாதே" என்ற அதே வாக்கியம் அவளுக்குப் பழகிய வாக்கியமாகிவிடும். வயதுக்கு மீறித் தோற்றமளிக்கும் சிறுமிகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். தோற்றம் எப்படி இருந்தாலும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயது வரை அவளைக் குழந்தையாகவே பார்க்கிறது; ஏதாவது நேர்ந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் அவள் உங்களிடம் வந்து சொல்ல வேண்டுமே.

ஒருநாள் இரவு தலை பின்னும்போது, அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லலாம். அப்படிச் சொல்வது இருவருக்கும் எளிது. "அன்னைக்கு நீ கேட்டப்போ அம்மாவுக்குப் பதில் தெரியல கண்ணு, அதான் அப்படிச் சொல்லிட்டேன். எல்லாப் பொண்ணுங்களுக்கும் பெருசானதும் நெஞ்சு வளரும். அம்மாவுக்கும் வளந்துச்சு. உனக்குக் கொஞ்சம் சீக்கிரமா வளருது. நீ எதுவும் தப்புப் பண்ணல. டாக்டர் கிட்டப் போய் மெதுவா வளரச் சொல்லலாம். அங்க யாராவது தொட்டாலோ, வலிச்சாலோ, என்ன கேட்கணும்னு தோணுனாலோ அம்மாகிட்டச் சொல்லணும்." இவ்வளவு போதும். மறுபடி கேட்டால் மறுபடி சொல்லுங்கள். அவள் கேட்கிற அளவுக்கு மட்டும்.

கோவைக்குப் போகும்போது கை எக்ஸ்ரே படத்தையே எடுத்துச் செல்லுங்கள், அறிக்கைக் காகிதம் மட்டும் போதாது. பள்ளியில் ஆண்டுதோறும் உயரமும் எடையும் எழுதி வைத்திருப்பார்கள். அந்த அட்டையையும், தடுப்பூசிப் புத்தகத்தையும், வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்திருந்தால் அதன் தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தம் காலையில் எடுக்க வேண்டியிருப்பதால் முதல் பேருந்தைப் பிடியுங்கள். குழந்தைக்கு ஒரு வேகவைத்த முட்டையையும் டப்பாவில் எடுத்துப் போங்கள். ரத்தம் கொடுத்து முடித்ததும் சாப்பிடட்டும்.